கழற்றி வைப்பதா, மாட்டியே விடுவதா?

சென்ற மாதம் நம் சங்கக் கூட்டம் முடிந்து மாட்டுங்கா நிலையத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். செம்பூரில் வசிக்கும் அன்பர் ஒருவர் பின்னாலேயே விரைந்து வந்து என்னை நிறுத்தினார்.

"ஊரில் என் தம்பி சிறிய டிராக்டர் ஒன்று வாங்கியிருக்கிறான். அதன் பின்புறத்தில் மண் தோண்டும் பேக்ஹோவையும் பூட்டியிருக்கிறான். வேலையில்லாத நாட்களில் அதைக் கழற்றி வைக்க வேண்டுமா, அல்லது மாட்டியபடியே விட்டுவிடலாமா? தாங்கள் இந்த விஷயத்தில் அடிபட்டவர் என்று சொன்னார்கள். அதனால்தான் கேட்கிறேன்" என்றார்.

அவர் சொன்னது மெய். நான் அடிபட்டவன்தான். அதுவும் ஒரு முறையன்று, இரண்டு முறை. முதல் முறை, மாட்டியே விட்டதால் அடிபட்டோம். இரண்டாம் முறை, கழற்றி வைத்ததால் அடிபட்டோம். இவ்விரண்டையும் கேட்ட அன்பர், "அப்படியானால் எதைத்தான் செய்வது?" என்று சிரித்தார். தாதர் வண்டி வந்துவிட்டபடியால் அன்று அவருக்கு முழு விடை கூற இயலவில்லை. நம்மவர் பலர் இங்கே மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஊரிலுள்ள உடன்பிறந்தாருக்கு டிராக்டர் வாங்கிக் கொடுத்திருப்பதை நான் அறிவேன். ஆகவே அவருக்குச் சொல்ல வேண்டிய விடையை எல்லோருக்குமாக இவ்விதழில் எழுதுகிறேன். நான் இயந்திரப் படிப்புப் படித்தவன் அல்லேன்; பத்தாம் வகுப்போடு நின்று, ரயில்வேயில் எழுத்தராக இருப்பவன். பட்டறிவும், பழுது பார்த்தவர்களிடம் கேட்டு அறிந்ததுமே என் முதல்.

முதலில் இந்தக் கருவியின் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். டிராக்டரின் பின்னால் மூன்று புள்ளிகளில் கருவியைப் பூட்டி, எண்ணெய் அழுத்தத்தால் அதனை உயர்த்தவும் தாழ்த்தவும் வழி கண்டவர் அயர்லாந்தில் பிறந்த ஹாரி பெர்குசன். 1939இல் போர்டு நிறுவனம் அவருடைய இணைப்பை வைத்து டிராக்டர் செய்து விற்றது. கலப்பைக்காகப் பிறந்தது அந்த இணைப்பு. பிறகு 1940களின் இறுதியில் அமெரிக்காவில் இருவர் சேர்ந்து, போர்டு டிராக்டரின் பின்னால் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கித் தோண்டும் கையொன்றைப் பொருத்தினர். 1953இல் இங்கிலாந்தில் ஜோசப் சிரில் பாம்போர்டு தம் முதல் தோண்டும் இயந்திரத்தைச் செய்தார். அவர் பெயரின் முதலெழுத்துகளே ஜேசிபி. நம் நாட்டில் 1979இல் அந்நிறுவனம் கால் வைத்தது. இன்று எந்த நிறுவனம் செய்த தோண்டும் வண்டியானாலும் நம் ஊர்ப் பிள்ளைகள் அதை ஜேசிபி என்றே கூப்பிடுகின்றனர். டிராக்டருக்கும் இந்நகருக்கும் உறவு உண்டு. 1963இல் அமெரிக்க நிறுவனத்தின் கூட்டோடு டிராக்டர் தொழிலில் இறங்கிய மஹிந்திராவின் தொழிற்சாலை, நம் காந்திவலியிலேதான் இருக்கிறது.

நிற்க. எங்கள் கதைக்கு வருகிறேன்.

எங்கள் ஊர் தாமிரபரணிப் பாசனத்தில், ஸ்ரீவைகுண்டத்திற்குச் சில கல் தொலைவில் உள்ளது. அங்கே அண்ணன் பயிர் செய்கிறார். 2019இல் நான்கு குடும்பங்கள் கூடிப் பணம் போட்டோம். தாராவி தொண்ணூறு அடிச் சாலைக்குப் பக்கத்தில் இட்டிலிக் கடை வைத்திருக்கும் சித்தப்பா ஒரு பங்கு. செம்பூரில் இருக்கும் அக்காளும் அத்தானும் ஒரு பங்கு. நான் ஒரு பங்கு. அண்ணன் தம் மனைவியின் நகையை அடகு வைத்து ஒரு பங்கு. 28 குதிரைத் திறனுள்ள சிறிய டிராக்டர், முன்னால் மண் அள்ளும் வாளி, பின்னால் பேக்ஹோ, இவ்வளவும் சேர்த்து வாங்கினோம். 2017இல் தமிழக அரசு குடிமராமத்துப் பணியை மீண்டும் தொடங்கியது முதல் குளங்களிலும் வாய்க்கால்களிலும் தூர் வாரும் வேலை ஊர்தோறும் நடந்துவந்தது. உழவில்லாத நாட்களில் இவ்வேலையில் கிடைக்கும் கூலி கடன் தவணைக்கு உதவும் என்பது எங்கள் எண்ணம்.

பேக்ஹோவை அண்ணன் கழற்றுவதே இல்லை. நான் விடுப்பில் ஊருக்குப் போனபோது இதைக் கேட்டேன்.

"ஏன் அண்ணே, உரம் ஏற்றப் போகும்போதுகூட அந்தப் பாரத்தை இழுத்துக்கொண்டு போக வேண்டுமா?"

"தம்பி, ஜேசிபி வைத்திருக்கிறவன் எவனாவது பின்னால் இருக்கிற கையைக் கழற்றுகிறானா? கழற்ற அரை மணி, மாட்ட ஒரு மணி. அதற்குள் கூப்பிட்ட ஆள் வேறு வண்டியைப் பார்த்துக்கொண்டு போய்விடுவான். நீ பம்பாயில் நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிறாய்" என்றார்.

அவருடைய வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. கழற்றும் நேரம் வீண்தான். ஒவ்வொரு முறை மாட்டும்போதும் தவறு நேர இடமுண்டு. எண்ணெய்க் குழாயின் வாயில் ஒரு துளி மண் புகுந்தால் அது உள்ளே சென்று வால்வைக் கெடுக்கும். ஆனால் ஜேசிபியை அவர் உவமை காட்டியதுதான் பிழை. அந்த வண்டி ஏழு டன்னுக்கு மேல் எடையுள்ளது. பின்கையைச் சுமப்பதற்கென்றே அதற்குத் தனி இரும்புச் சட்டம் உண்டு. சிறிய டிராக்டருக்கோ தனிச் சட்டம் கிடையாது. எஞ்சின், கிளட்ச் பெட்டி, பற்சக்கரப் பெட்டி, பின் அச்சு ஆகியவற்றை வரிசையாகப் போல்ட்டால் முடுக்கியிருப்பார்கள். அந்த வார்ப்பிரும்புப் பெட்டிகளின் வரிசைதான் அதற்கு முதுகெலும்பு. முதுகெலும்பின் ஒரு முனையில் பெரும்பாரம் தொங்கிக் குதித்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்?

2021ஆம் ஆண்டு ஆவணி மாதம் அதற்கு விடை கிடைத்தது. பக்கத்து ஊரில் வேலை முடித்துவிட்டு, குண்டும் குழியுமான சாலையில் அண்ணன் வேகமாகத் திரும்பிக்கொண்டிருந்தார். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது அடியில் எண்ணெய் சொட்டிற்று. விளக்கடித்துப் பார்த்தால் கிளட்ச் பெட்டியின் குறுக்கே முடி போன்ற விரிசல்! வண்டியை இரண்டாகப் பிரித்துப் பெட்டியை மாற்ற வேண்டியதாயிற்று. உதிரிப் பாகம் வர இருபத்து மூன்று நாட்கள். அந்தச் செலவு என் இரண்டு மாதச் சம்பளத்தைத் தின்றது. பிசானச் சாகுபடிக்கு உழ வேறு வண்டியை வாடகைக்கு அமர்த்தினோம். தாராவியில் சித்தப்பா என்னிடம் ஒரு சொல்லும் கூறவில்லை. ஆனால் சித்தி மட்டும், "பிள்ளை படிப்புக்கு வைத்த பணம் அது" என்று அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அந்தச் சொல் இன்னும் என் காதில் இருக்கிறது.

பழுது பார்த்த மெக்கானிக் இரண்டு காரணங்கள் கூறினார். முதலாவது, எங்கள் பேக்ஹோ வெறுமனே மூன்று புள்ளி இணைப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த இணைப்பு கலப்பையை இழுப்பதற்கும் தூக்குவதற்கும் ஏற்பட்டது. தோண்டும் கையோ டிராக்டரைத் தூக்கும், முறுக்கும், பின்னுக்கு இழுக்கும். அந்த விசை முழுவதும் பின் அச்சுப் பெட்டியின் மேலும் கிளட்ச் பெட்டியின் மேலும் விழுகிறது. முறையான பேக்ஹோவுக்கு அடிச்சட்டம் என்று ஒன்று உண்டு. அது டிராக்டரின் அடியில் முன்புறம் வரை ஓடி, விசையைப் பரப்பிக் கொடுக்கும். எங்களுக்கு விற்றவர் அதைப் பற்றிச் சொல்லவில்லை. விலை குறைவு என்று நாங்களும் கேட்கவில்லை. இரண்டாவது காரணம், தோண்டாத நாளிலும் பாரத்தைச் சுமந்து ஓடியது.

இந்த இரண்டாவது காரணத்தைக் கணக்கில் போட்டுப் பார்த்தேன். ஊஞ்சற்பலகைக் கணக்கு அறிந்தவர் எவருக்கும் இது விளங்கும். எளிமைக்காக முழு எண்களைக் கொள்வோம். முன் வாளியோடு டிராக்டரின் எடை 1,500 கிலோ. அதில் முன் அச்சின் மேல் 600, பின் அச்சின் மேல் 900. இரண்டு அச்சுகளுக்கும் இடையே 160 செண்டிமீட்டர். பேக்ஹோவின் எடை 600 கிலோ; அதன் எடை மையம் பின் அச்சுக்குப் பின்னால் 100 செண்டிமீட்டர். இப்போது பின்சக்கரமே ஊஞ்சற்பலகையின் நடுத் தாங்கல். பின்னால் இருக்கும் 600 கிலோ, முன் அச்சிலிருந்து 375 கிலோவைத் தூக்கிவிடுகிறது. முன் அச்சில் மிஞ்சுவது 225 கிலோ மட்டும். பின் அச்சிலோ 900 இருந்த இடத்தில் 1,875!

டிராக்டர் எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன் அச்சில் இருந்தால்தான் திருப்புவதற்குப் பிடிப்பு இருக்கும் என்பது வழக்கமான விதி. நம் கணக்கில் அது 300 கிலோ. இருப்பதோ 225. மேட்டில் ஏறும்போது இதுவும் குறையும். முன்சக்கரம் தரையை விட்டு எழும்பும்; ஓட்டுபவர் மேலேயே வண்டி மல்லாந்துவிடவும் கூடும். பின் அச்சின் தாங்கு உருளைகளும் டயர்களும் இரு மடங்குக்கு மேல் பாரம் சுமந்து தேயும். ஈர வயலில் இறங்கினாலோ மண் இறுகிப் பயிரின் வேர் கீழே இறங்காது.

இவ்வளவும் கேட்டுவிட்டு, பேக்ஹோ எப்போதும் தீங்கே என்று முடிவு கட்டிவிடலாகாது. முன் வாளியில் 400 கிலோ மண்ணை அள்ளுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அதன் எடை முன் அச்சுக்கு முன்னால் 150 செண்டிமீட்டரில் நிற்கிறது. பின்னால் ஒன்றும் இல்லாவிட்டால் முன் அச்சில் 1,375 கிலோ ஏறும். பின் அச்சில் 525 கிலோதான் இருக்கும். பின்சக்கரம் இலேசாகிப் பிடிப்பை இழக்கும்; பக்கவாட்டுச் சரிவில் வண்டி கவிழ இதுவே வழி. பேக்ஹோ பூட்டியிருந்தாலோ முன்னால் 1,000, பின்னால் 1,500 என்று பாரம் சமமாகப் பிரிந்துவிடுகிறது. ஆகவே முன் வாளியால் மண் அள்ளும் நாளில் பின்கை ஓர் எதிர்ப் பாரமாக நின்று காக்கிறது. கழற்றிவிட்டு அள்ள வேண்டுமானால், அதற்கு ஈடாகக் கல்லோ மணலோ நிரப்பிய பெட்டியைப் பின்னால் பூட்டியே ஆக வேண்டும்.

இந்தக் கணக்கையெல்லாம் தாளில் எழுதி அண்ணனுக்கு அனுப்பினேன். அடிச்சட்டம் வாங்கவும் பணம் அனுப்பினேன். அத்தோடு, "வேலை முடிந்த அன்றே பேக்ஹோவைக் கழற்றிக் கொட்டகையில் வைத்துவிட வேண்டும். இனி இதில் மறு பேச்சு இல்லை" என்று கண்டிப்பாகவும் எழுதினேன். தம்பி அண்ணனுக்கு எழுதும் எழுத்தன்று அது. பணம் போட்டவன் எழுதும் எழுத்து. அண்ணன் மறுமொழி எழுதாமல், சொன்னபடியே செய்தார்.

இவ்வாறிருக்க, 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை வந்தது. 2005 ஜூலை 26ஆம் நாளை இந்நகரத்தார் எவரும் மறந்திரார். சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்து, மித்தி ஆறு பொங்கித் தாராவிக்குள் புகுந்த நாள் அது. ஏறத்தாழ அதே அளவு மழை, 95 செண்டிமீட்டர், அந்த டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கொட்டிற்று. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ், ஏறத்தாழ 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. தண்டவாளத்தின் அடியிலிருந்த ஜல்லியை வெள்ளம் அரித்துக்கொண்டு போய்விட்டது. அலுவலகத்தில் அச்செய்தியைப் படித்த எனக்குக் கை நடுங்கிற்று. ஊருக்குத் தொலைபேசி கிடைக்கவில்லை. இரண்டு நாட்கள் கிடைக்கவில்லை.

அந்த இரவில் நடந்ததைப் பின்னர் அறிந்தேன். ஊரின் கீழ்த்தெருவை ஒட்டிய வாய்க்காலில் ஒரு குறும்பாலம் உண்டு. வேரோடு சாய்ந்த சீமைக் கருவேலமும் ஆகாயத் தாமரையும் அதன் கண்களை அடைத்துக்கொண்டன. நீர் பின்னுக்கு ஏறிற்று. இரவு ஒன்பது மணிக்குத் தெருவார் ஓடி வந்து, "அண்ணாச்சி, வண்டியைக் கொண்டு வாருங்கள், அடைப்பை இழுத்துப் போட்டால் தண்ணீர் வடிந்துவிடும்" என்று அண்ணனை அழைத்தனர். கரையில் நின்றபடியே கையை நீட்டி இழுக்கும் வேலை. கால் மணியில் முடிந்திருக்கும்.

பேக்ஹோ கொட்டகையில் இருந்தது. கொட்டகையின் தரை மண் தரை. ஊறிய மண்ணில் ஒரு பக்கத்துத் தாங்கு கால் ஒரு சாண் புதைந்து, கருவி முழுவதும் ஒருபுறம் சாய்ந்திருந்தது. டிராக்டரைப் பின்னால் கொண்டுவந்து பொருத்தினால், ஒரு பக்கத்துத் துளை சேர்ந்தது. மறுபக்கத்துத் துளை சேரவில்லை. கடப்பாறையால் நெம்பினர், பலகை கொடுத்தனர். எண்ணெய்க் குழாயின் மூடி கழன்று வாயில் சேறு புகுந்திருந்தது. மின்சாரம் இல்லை. இரண்டு மணி நேரம் போராடிவிட்டு, ஆண்கள் அரிவாளோடும் கயிற்றோடும் பாலத்துக்கே ஓடினர். அதற்குள் கீழ்த்தெருவில் பதினொரு வீடுகளில் நீர் புகுந்துவிட்டது. ஓர் ஆச்சியைக் கட்டிலோடு தூக்கிப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தனர். உயிர்ச் சேதம் இல்லை. அது இறைவன் கருணை. ஆனால் ஆடுகள் போயின. விதை நெல் போயிற்று. பிள்ளைகளின் புத்தகங்கள் போயின.

பொங்கலுக்கு நான் ஊருக்குச் சென்றேன். அண்ணன் என்னைக் குறை கூறவில்லை. கீழ்த்தெருவுக்கு அழைத்துச் சென்று சுவரில் நீர் நின்ற தடத்தைக் காட்டினார். என் இடுப்பளவு இருந்தது. கழற்றி வைக்கச் சொன்னவன் நான். அதைவிடச் சுடும் சொல் அவர் வேறு எதுவும் சொல்லியிருக்க முடியாது.

திரும்பும் வழியில் நாகர்கோவில் வண்டியில் இரவெல்லாம் இதையே எண்ணிக்கொண்டு வந்தேன். அப்போதுதான் என் தொழிலிலேயே இதற்கு விடை இருப்பது புலப்பட்டது. ரயில்வேயில் விபத்து நிவாரண வண்டி என்று ஒன்று உண்டு. தடம் புரண்ட பெட்டிகளைத் தூக்கும் கருவிகளும், மருத்துவத்திற்கு வேண்டியவையும் அதில் இருக்கும். பாரம் மிகுந்த அதை எந்தப் பயணி வண்டியின் பின்னாலும் நாங்கள் பூட்டி இழுத்துச் செல்வதில்லை. அதற்காக, எங்கோ ஒரு மூலையில் போட்டு மறந்துவிடுவதும் இல்லை. இரு திசையிலும் வெளியேற வழியுள்ள தனிப் பாதையில் அதை நிறுத்தியிருப்பார்கள். அழைப்பு வந்தால், குறித்த நிமிடங்களுக்குள் அது புறப்பட்டாக வேண்டும். ஆபத்து இல்லாத நாளிலும் ஒத்திகை பார்ப்பார்கள்.

எங்கள் பிழை கழற்றியதில் இல்லை. கழற்றியதை மறுபடி மாட்டும் நிலையில் வைக்காததே பிழை. அண்ணனும் நானும் மூன்று ஆண்டுகளாகக் கழற்றுவதா கூடாதா என்று வழக்காடினோமே ஒழிய, கழற்றி எங்கே எப்படி வைப்பது என்று ஒரு நாளும் பேசவில்லை.

2024 சித்திரையில், கொட்டகைக்குள் காங்கிரீட்டு மேடை ஒன்று போட்டோம். டிராக்டர் பின்புறமாக நேரே வந்து சேரும்படி தரையில் இரண்டு கோடுகள் வரைந்தோம். இப்போது மாட்டுவதற்கு அண்ணனுக்கு இருபது நிமிடங்கள் ஆகின்றன. ஒவ்வொரு தமிழ் மாதத்தின் முதல் நாளும் ஒரு முறை மாட்டிக் கழற்றிப் பார்த்துவிடுகிறார். வானிலை நிலையம் கனமழை எச்சரிக்கை விடுத்தால், அன்று மாலையே பேக்ஹோவை மாட்டி மேட்டுத் தெருவில் வண்டியை நிறுத்திவிடுகிறார்.

இனி, அன்பர் கேட்ட கேள்விக்கு நேர் விடை. எங்கள் குடும்பம் இப்போது கைக்கொள்ளும் முறை இது:

பேக்ஹோ அடிச்சட்டத்தின் மேல் பூட்டியதாக இருந்து, அடுத்த சில நாட்களும் தோண்டும் வேலையோ முன் வாளி வேலையோ இருந்தால், மாட்டியே விடலாம். உழவு, டிரெயிலர், நீண்ட சாலைப் பயணம், சேற்று வயல் இவற்றில் எது வந்தாலும் கழற்றிவிட வேண்டும். வெறும் மூன்று புள்ளி இணைப்பில் தொங்கும் பேக்ஹோவோ, வேலை முடிந்த கணமே கழற்ற வேண்டியது. இயன்றால் அடிச்சட்டம் வாங்கும் வரை அதைக் கொண்டு தோண்டாமலிருப்பதே நலம்.

மாட்டியபடி சாலையில் செல்ல நேர்ந்தால், கையை முழுவதும் மடக்கி, இருபுறமும் ஆடாதபடி பூட்டுப் பின்களைச் செருகி, தாங்கு கால்களை உயர்த்தி, மெதுவாகச் செல்ல வேண்டும். வளைவில் பின்புறம் எதிர்த்திசையில் வீசும். சைக்கிளில் வரும் பிள்ளைகளுக்கு அது தெரியாது. பின்னால் சிவப்புத் துணியும் இரவில் விளக்கும் அவசியம்.

நிறுத்தி வைக்கும்போது வாளியும் தாங்கு கால்களும் தரையில் ஊன்றியிருக்க வேண்டும். எண்ணெய் அழுத்தத்தை நம்பிக் கையை உயரத்தில் நிறுத்திவிட்டுப் போகக் கூடாது. சிறு கசிவிருந்தாலும் அது தானே கீழே இறங்கும். சிறுவர் ஏறி நெம்புகோலைத் தொட்டாலும் இறங்கும். அதனடியில் குழந்தை விளையாடினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

கழற்றும்போது, சமமான கெட்டித் தரையில் வாளியையும் தாங்கு கால்களையும் ஊன்றி, எடை முழுவதும் தரைக்கு இறங்கிய பின்னரே பின்களை உருவ வேண்டும். எஞ்சினை நிறுத்தி, நெம்புகோல்களை இரண்டு மூன்று முறை அசைத்து உள்ளே தங்கிய அழுத்தத்தை வெளியேற்றிய பிறகே குழாய்களைப் பிரிக்க வேண்டும். குழாய் வாய்களைத் துடைத்து மூடியிட வேண்டும். டிராக்டரின் சொந்தப் பம்பிலிருந்து எண்ணெய் பெறும் அமைப்பானால், கழற்றிய பின் டிராக்டர் பக்கத்தில் உள்ள இரண்டு வாய்களையும் ஒன்றோடொன்று இணைத்துவிட வேண்டும். அவ்வாறு செய்யாவிட்டால் எண்ணெய் போக வழியின்றி அழுத்தம் ஏறும். கலப்பையைத் தூக்கும் கைகளும் வேலை செய்யா. பளபளப்பான உருளைத் தண்டுகளில் வெளியே தெரியும் பகுதிக்குக் கிரீஸ் பூசி வைத்தால் துருப்பிடிக்காது.

இன்னொன்று. குழாயில் ஊசித் துளை விழுந்து எண்ணெய் பீறிட்டால், அதைக் கையால் தடவிப் பார்க்கவே கூடாது. அந்த மெல்லிய பீற்று தோலைத் துளைத்துச் சதைக்குள் இறங்கிவிடும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும்; உள்ளே கையே அழுகிப் போகக்கூடும். அட்டைத் துண்டை நீட்டிக் கசிவைக் காண்க. தோலில் பட்டுவிட்டால், வலி இல்லை என்று இருந்துவிடாமல் உடனே அறுவை மருத்துவம் செய்யும் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

பணம் அனுப்பும் நம்மவர்க்கும் ஒரு சொல். வேளாண்மைக்கென்று பதிவான டிராக்டரைக் கூலிக்குத் தோண்ட அனுப்புவதற்கு முன், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்தில் கேட்டறிந்துகொள்ளுங்கள். விபத்து நேர்ந்த பின் பாலிசியின் சிறு எழுத்துகளைப் படிப்பதில் பயனில்லை.

கடைசியாக, எனக்கு நானே கற்பித்துக்கொண்ட பாடம். இந்நகரில் நாற்காலியில் அமர்ந்து கணக்குப் போடும் நமக்கு எடையும் தூரமும் தெரியும். ஊரிலே மண்ணில் நிற்பவருக்கு எந்த மழைக்கு எந்தப் பாலம் அடைபடும் என்பது தெரியும். இவ்விரண்டு அறிவும் ஒன்றையொன்று கேட்டுக்கொள்ளாத வீட்டில், எவ்வளவு நல்ல இயந்திரம் இருந்தும் பயனில்லை. பணம் போட்டவன் என்ற மிடுக்கோடு நான் எழுதிய அந்தக் கடிதத்தை, அண்ணன் இன்னும் பெட்டியில் வைத்திருக்கிறார். கிழித்துவிடுங்கள் என்று கேட்டேன். "இருக்கட்டும் தம்பி, கணக்கு நன்றாகத்தான் போட்டிருக்கிறாய்" என்றார்.

செம்பூர் அன்பர் தம் தம்பிக்கு எழுதும்போது, கழற்று என்றோ கழற்றாதே என்றோ எழுத வேண்டாம். "அதை வைக்கும் தரை எப்படி இருக்கிறது?" என்று முதலில் கேட்டு எழுதட்டும். அந்தத் தரைக்குச் சிமெண்டு வாங்கப் பணமும் சேர்த்து அனுப்பட்டும்.